நான் கொடுக்காத ரத்தம்

அல்சூர், பெங்களூர்
12-11-1961

அன்பு மகன் இளங்கோவனுக்கு அப்பா எழுதுவது. அம்மாவுக்குத் தையல் பிரித்தாயிற்று, எழுந்து நடமாடுகிறாள். பிலாயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்தது. அப்பா ரத்தம் கொடுத்து அம்மாவைப் பிழைக்க வைத்தார் என்று கூட வேலை செய்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அதைக் கேட்டதிலிருந்து வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்கிறது தம்பி. நான் கொடுக்கவில்லை. உனக்குப் பொய் எழுதினேன்.

ஆபரேஷன் அன்று உங்கள் ரத்தம் சேரும், வாங்க என்று டாக்டரம்மா கூப்பிட்டார். உடம்பில் இருப்பது அவ்வளவுதான், ஒரு பாட்டில் போனால் ஆள் ஓய்ந்தே போவான் என்று நினைத்து, பீடி வாங்கப் போகிற மாதிரி வெளியே போனவன் திரும்பவில்லை. ஆஸ்பத்திரித் தோட்டத்தில் உட்கார்ந்து காய்ந்த இலை பொறுக்கிக்கொண்டிருந்தேன். துணைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு அல்போன்சாதான், அவள் ரத்தமும் சேர்ந்ததால், கையை நீட்டியிருக்கிறாள். ஈர்க்குச்சி உடம்பு அவளுக்கு. அப்புறம் நர்ஸம்மா என்னைப் பார்த்து, தோட்டக்காரர்தானே நீங்க, வருஷா வருஷம் ரோஜாவை வெட்டிக் கவாத்து பண்றீங்களே, அது துளிர்க்காமலா போகுது, எலும்புக்குள்ளே ரத்தம் ஊறிக்கிட்டே இருக்கும், ஒண்ணு ரெண்டு மாசத்திலே சரியாயிடும் என்றாள். முப்பது வருஷம் கத்தரி பிடித்த எனக்கு அது தோன்றவில்லையே.

அம்மா கண் விழித்ததும் நீங்களா குடுத்தீங்க என்று கேட்டாள். தலையை ஆட்டிவிட்டேன். அல்போன்சா பக்கத்திலேயே நின்று அம்மாவுக்குப் போர்வையை இழுத்துவிட்டாள். அன்றிலிருந்து டாக்டரம்மா தன்னைத் தின்னச் சொன்ன ஆட்டு ஈரலை உன் அம்மா பாதிக்கு மேல் என் தட்டில் வைத்தாள், ரத்தம் குடுத்த உடம்பு, தின்னுங்க என்று. நானும் தின்றேன், தூ. போதாததற்கு உன் கடிதம். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதே, வழக்கம்போல அல்போன்சாவிடம் கொடுத்திருக்கிறாள். நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, நீ என்னைப் புகழ்ந்த வரிகளை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் அவள் படித்துக்கொண்டிருந்தாள்.

நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று பார்த்தேன். சட்டியிலிருந்த ஈரல் முழுவதையும் கிண்ணத்தில் வழித்துக்கொண்டு அல்போன்சா வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்து எனக்கு வெறும் ரசம் ஊற்றினாள்.

நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்கவேண்டும். குளிர் வருமுன் கம்பளி வாங்கிக்கொள். என்னைப் பற்றி நீ யாரிடமெல்லாம் பெருமை பேசினாயோ அவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடு. அல்போன்சா அக்காவுக்கு நன்றி சொல்லி அம்மா பேருக்கு நாலு வரி எழுது. அதையும் அவள்தான் படிப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
முனியப்பன்