இரண்டாங்குரல்காரியின் ஜப்பான் பாட்டு

செப்டெம்பர் 6, சனி

விடியவே கச்சான் காற்று. காயப்போட்ட சீலை பக்கத்து வளவு முருங்கையில். எடுத்துத் தந்தார்கள், முகத்தைத் தூக்கிக்கொண்டு.

ஜப்பான் மொழி வகுப்பு. படிப்பிக்கிற சேர் இன்று புதுக் குண்டு ஒன்று போட்டார். மாதக் கடைசியில் ஜப்பானிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், தங்கள் முதியோர் இல்லத்துக்குப் பராமரிப்பு வேலைக்கு ஆள் தெரிந்தெடுக்க. கேள்வி கேட்பதோடு விடமாட்டார்களாம். ஆளுக்கு ஒரு ஜப்பான் பாட்டும் பாட வேண்டும், கரோக்கேயில். அந்த இல்லத்தில் கிழவர் கிழவிகளுக்குக் கிழமைக்கு ஒருநாள் கரோக்கே. ஒலிவாங்கியைக் கண்டு ஓடுகிறவர்கள் அங்கே சரிவரமாட்டார்களாம்.

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. எனக்குப் பயமில்லை. கலியாணத்துக்கு முந்தியே கோயில் பாடகர் குழுவில் நிற்கிறவள்.

சேர்: "காலத்துக்கு ஏத்த பாட்டா எடுங்கோ. அங்க இப்ப இலையுதிர் காலம் துவங்குது. பூப்பூக்கிற பாட்டை இப்ப பாடினா, தவக்காலத்தில கரோல் பாடின மாதிரி இருக்கும்."

அந்த உதாரணம் எனக்காக. வகுப்பில் வேதக்காரி நான் ஒருத்திதான்.

இலையுதிர் காலம். இங்கே உதிர்வது முருங்கை இலையும் என் தலைமயிரும்.

வாங்க: சவர்க்காரம், தேயிலை, இவருக்குச் சவர அலகு.

செப். 7, ஞாயிறு

பூசை. பிரசங்கம் நீளம். மின்விசிறி வேலையில்லை.

பின்னேரம் ஷிஃபானா வந்தாள். கிண்ணியாப் பிள்ளை, வகுப்பில் பக்கத்துக் கதிரை. என்னை 'ரெஜி அக்கா' என்கிறாள். வயதுக்கு அன்ரி என்றிருக்க வேண்டும். புண்ணியவதி. இருவரும் கைபேசியோடு குந்தியிருந்து பாட்டுத் தேடினோம். பேரெல்லாம் வாயில் நுழையாது. நாங்களே பேர் வைத்தோம்.

ரயில் பாட்டு. ஒரு பெடியன் ரயிலுக்குப் பின்னால் ஓடி ஓடிக் கத்துகிறான். மூச்சுவிட இடமில்லை.
குடைப் பாட்டு. நல்ல மெட்டு, ஆனால் மாரிகாலம்.
பெட்டைகள் கூட்டமாக ஆடுகிற பாட்டு. ஆடாமல் பாட ஏலாது. ஆடினால் முழங்கால் போய்விடும்.
அக்கா தங்கை பாட்டு. இரண்டு பெண்கள், அசையாமல் நின்று பாடுகிறார்கள். பின்னேரக் குளிர், பூச்சிச் சத்தம், நிலவு, திரும்பி வராத ஆள். பழசு. கிழவிகளுக்குத் தெரிந்திருக்கும்.

கடைசியை எடுத்தேன். ஷிஃபானாவுக்கு ரயில்.

"அக்கா, இது மையத்து வீட்டில பாடுற மாதிரி இருக்கு."

"செத்த வீட்டிலதான் பிள்ளை நான் நல்லாப் பாடுறனான்."

இவருக்கு இரவு வேலை. துறைமுகத்தில் இழுவைப் படகு. போகும்போது பாட்டைப் பற்றிச் சொன்னேன். "ம்" என்றார்.

வகுப்பில் சேரக் கேட்டபோது "பாப்பம்" என்றார். இவருடைய 'பாப்பம்' இத்தனை வருடமாகியும் எனக்குப் பிடிபடவில்லை. குசினிக்கு ஓடு மாற்றக் கேட்டபோதும் பாப்பம். மாற்றினார், நாலு மாரி கழித்து. பிள்ளைக்காக வைத்தியரிடம் போவோமா என்றபோதும் பாப்பம். அது பார்க்கப்படவே இல்லை. இப்போது வயதும் போய்விட்டது.

ஜப்பான் போகட்டோ என்று நேராக இன்னும் கேட்கவில்லை. கேட்டால் என்ன வரும் என்று தெரியும்.

எனக்குப் போக ஆசை. சரியான ஆசை. எழுதியாயிற்று.

செப். 10, புதன்

வேலை. ஆஸ்பத்திரி வார்ட்டில் கட்டிலுக்குக் கட்டில் ஆள். ஓர் ஐயாவைத் துடைத்துக்கொண்டே பாடிப் பார்த்தேன். "என்ன பிள்ளை, சிங்களமோ?" "இல்லை ஐயா, ஜப்பான்." "அவங்களும் வந்திட்டாங்களோ!"

வீட்டிலும் பழக்கம். காலை, மாலை, சோறு வடிக்கும்போது. வாசலில் வைத்த மரக்கறித் தோலைத் தெருவில் திரிகிற மான் ஒன்று வந்து தின்றுவிட்டுப் போயிற்று. நன்றிகெட்டது, பாட்டைக் கேட்க நிற்கவில்லை.

சொல்லெல்லாம் பாடம். மெட்டும் பிடித்துவிட்டேன். இந்த வகுப்பிலேயே நான்தான் முதலாவதாக வருவேன் போல.

செப். 13, சனி

அப்படி நினைத்திருக்கக் கூடாது.

உப்புவெளியில் ஒரு விடுதியில் கரோக்கே மெஷின் இருக்கிறது. வெள்ளைக்காரர் சீசன் முடிகிறது, சாப்பாட்டுக் கூடம் வெறிச்சு. சேர் கேட்டு வாங்கினார். பாடி முடிய மெஷின் புள்ளி போடும், திரையில் பட்டாசோடு.

ஷிஃபானா கத்தினாள். தொண்ணூற்றொன்று. பட்டாசு.

நான் கண்ணை மூடி, கோயிலில் நிற்கிற மாதிரி நின்று, ஒரு சொல் தவறாமல் பாடினேன். முப்பத்தெட்டு. பட்டாசும் இல்லை, ஒன்றும் இல்லை. திரும்பப் பாடினேன். முப்பத்தைந்து!

சேர் தலையைச் சொறிந்தார். "சுருதி சுத்தம், சொல் சுத்தம். மெஷினில ஏதோ பிழை."

"மெஷினுக்குக் காது குத்தேல்லை அக்கா," என்றாள் ஷிஃபானா. பேருந்தில் முழுவதும் சிரித்துக்கொண்டு வந்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு அழுதேன். வெட்கம்தான், வேறொன்றுமில்லை.

செப். 14, ஞாயிறு

காற்று. கண்ணெல்லாம் மண்.

இவர் கண்ணாடிக்கு முன்னால் சவரம். வாய்க்குள் ஏதோ மெட்டு. என் பாட்டுத்தான், ஆனால் என் பாட்டில்லை. சட்டியை இறக்கிவிட்டு வந்தேன்.

"என்ன அது?"

"உன்ர பாட்டு. போனில ஒவ்வொரு நாளும் கேக்குதே."

"நான் பாடுறது அப்பிடி இல்லையே."

"நீ ரெண்டாங்குரல் எல்லோ பாடுறாய்."

சோப்பு நுரையோடு சொன்னார், இவ்வளவு நாளும் எனக்குத் தெரியும் என்று நினைத்த மாதிரி.

போட்டுப் பார்த்தேன். உண்மை. அக்கா மேலே பாடுகிறாள், அதுதான் பாட்டு. தங்கை அடியில். என் காது நேரே தங்கையிடம் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாவம் மெஷின்.

குழுவில் எந்நாளும் இரண்டாங்குரல்தான். முதல் குரல் இவர். அப்படித்தான் பழக்கம், அப்படித்தான் கலியாணமும். ஞாயிறு வேலை வந்த பிறகு இவர் குழுவை விட்டுவிட்டார். நான் விடவில்லை.

யோசித்துப் பார்த்தால், ஒரு பாட்டைக்கூட நான் அதன் மெட்டில் தனியாகப் பாடினதில்லை. கரோலைக்கூட.

செப். 18, வியாழன்

பாட்டை மாற்றச் சொல்கிறார் சேர். மாட்டேன் என்றேன். ஏன் அந்தப் பிடிவாதம் என்று எனக்கும் தெரியாது.

முதல் குரலைப் பிடிக்கிறேன், இரண்டாம் வரியில் வழுக்கிக் கீழே வந்துவிடுகிறேன். எத்தனை தரம்! கை தானாகப் பிள்ளையார் சுழி போடுகிற சைவப் பிள்ளைகள் மாதிரி, வாய் தானாக அங்கே போகிறது.

இவரை என்னோடு சேர்ந்து பாடச் சொன்னேன். சொல் தெரியாது, லா லா தான். இவர் பாடப் பாட நான் இன்னும் வசதியாக அடியில் போய் இருந்துகொண்டேன். இவர் நிறுத்தினார்.

"எனக்குக் கீழ வராத. இப்ப நான் துவங்குவன், பிறகு விட்டிடுவன். நீ அப்பிடியே கொண்டு போ."

முதல் வரி பாடுவார், சடாரென்று விடுவார். பிடிக்க ஆளில்லாமல் நான். விழுந்தேன், விழுந்தேன், விழுந்தேன். கோபம் வந்து அகப்பையை வைத்துவிட்டேன். "திரும்ப," என்றார். படகில் பெடியளுக்குச் சொல்கிற குரல்.

படுக்கப் போக முன்னம் ஒருதரம் கடைசிவரை வந்தேன். இவர் எழும்பிப் போய் விளக்கை நூர்த்தார்.

போகட்டோ என்று இன்றும் கேட்கவில்லை.

செப். 27, சனி

நேர்முகம். வெளிர்நீலச் சீலை.

வந்தது மூன்று பேர். நடுவில் ஓர் அம்மா, நரைமயிர், மெல்லிய ஆள். அவர்தான் இல்லத்தை நடத்துகிறவர். கேள்விகள் பரவாயில்லை. பிறகு ஒலிவாங்கி.

முதல் வரியை இவர் குரலில் மனதுக்குள் கேட்டேன். பிறகு அதை விட்டுவிட்டேன். ஓரிடத்தில் வழுக்கப் பார்த்தது, ஏறிவிட்டேன். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு விரலால் மேசையில் தட்டினார். முடிந்ததும் சேரிடம் ஏதோ சொன்னார்.

"இந்தக் காலத்துக்குப் பொருந்தின பாட்டாம். ஆர் பழக்கினது எண்டு கேக்கிறா."

கணவர் என்று ஜப்பான் மொழியிலேயே சொன்னேன். பிறகு அந்த அம்மா நேராக என்னிடம், மெதுவாக: நீங்கள் வருவதற்குக் கணவர் சம்மதமா?

"ஹாய்" என்றேன். ஓம் என்று அர்த்தம்.

கேட்காத கேள்விக்கு, வராத பதில். வீட்டுக்கு வந்து கோழிக்கறி வைத்தேன். இவர் இரண்டுதரம் போட்டுச் சாப்பிட்டார். நான் விஷயத்தைச் சொல்லவில்லை.

செப். 30, செவ்வாய்

காற்று விழுந்துவிட்டது. கடல் தகடாகக் கிடக்கிறது. வாடைக்கு முந்திய இந்தச் சில நாட்கள்தான் எங்களுக்கு இலையுதிர் காலம் போல.

சேர் போன் எடுத்தார். எனக்குக் கிடைத்துவிட்டது. ஷிஃபானாவுக்கும். அவள் கத்தினது கிண்ணியாவிலிருந்து கைபேசி இல்லாமலே கேட்டிருக்கும்.

இவர் வேலையால் வந்து கதிரையில் இருந்து சப்பாத்துக் கழற்றினார்.

"இஞ்சருங்கோ. கிடைச்சிட்டுது."

ஒரு சப்பாத்து கையில்.

"நீங்கள் ஓமெண்டு சொன்னதா அவையளுக்குச் சொல்லிப்போட்டன்."

"கேக்காமலோ?"

"கேட்டா பாப்பம் எண்டிருப்பியள்."

சிரிப்பார் என்று பார்த்தேன். இல்லை. மற்றச் சப்பாத்தையும் கழற்றி, இரண்டையும் சுவரோடு சேர்த்து வைத்தார்.

"எப்ப போறது?"

"மாசிக்குள்ளயாம்."

துவாயை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். நான் தேங்காய் துருவத் தொடங்கினேன். வாளி விழுகிற சத்தம். தண்ணீர் ஊற்றுகிற சத்தம். பிறகு பாட்டு. முதல் வரி, லா லா. சடாரென்று விட்டார்.

இரண்டாம் வரியை நான் எடுத்தேன், குசினியிலிருந்து, வழுக்காமல். அழுகை வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு பாடினேன்.

மூன்றாம் வரியில் அடியில் இன்னொரு குரல். இவர். இரண்டாங்குரல் இவருக்கு வராது, ஒருநாளும் பாடினதில்லை. பிழை பிழையாகத்தான் பிடித்தார். நிறுத்தவில்லை.