மூன்று விரல் இறுக்கம்

என் அன்பு மாப்பிள்ளை சூசைக்கு,

மேலே உள்ள சகல புனிதர்களையும், கடலுக்கு அடியில் உள்ள சகல சிப்பிகளையும் சாட்சி வைத்துச் சொல்கிறேன்: இப்போது நான் எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பப் போவதில்லை. நீயும் நம்பமாட்டாய். உயிரோடு இருந்தபோதே என் பேச்சில் முக்கால்வாசியைக் கழித்துவிட்டுத்தான் காதில் வாங்குவாய். போய்ச் சேர்ந்த இடத்தில் இன்னும் கறாராகியிருப்பாய்.

மாதா திருவிழா முடிந்துவிட்டது. நீ இல்லாத முதல் திருவிழா. கடற்கரைப் பொட்டலில் வழக்கம்போல ராட்டினம், வழக்கம்போல மிளகாய் பஜ்ஜி. உன் பலூன் சுடும் கடையை இந்த வருசம் போடுவதா என்று என் தங்கச்சி ரோசியிடம் கேட்க எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை. ரோசியே ஒருநாள் பரணிலிருந்து பலகையை இறக்கித் துடைக்க ஆரம்பித்தாள். "அவரு இருந்தா போடுவாருல்லா" என்றாள். அவ்வளவுதான்.

கடையின் காற்றுத் துப்பாக்கியை என்னிடம் கொடுத்தாள். உப்புக்காற்றில் குழல் லேசாகத் துரு பிடித்திருந்தது. "எண்ணெய் விட்டுத் தொடச்சு மட்டும் வைண்ணே" என்றாள். அந்த 'மட்டும்' என் காதில் விழத்தான் செய்தது. மனதில் விழவில்லை.

என் தொழில் உனக்குத் தெரியும். கப்பலில் ஏற்றிய கன்டெய்னர் பெட்டிகளை இரும்புத்தடி போட்டு இறுக்குகிற கை இது. நான் இறுக்கிய பெட்டி, கப்பலே தலைகீழாகக் கவிழ்ந்தாலும் நேராகத்தான் நிற்கும். மீன்கள் சுற்றிவந்து கும்பிட்டுவிட்டுப் போகும். அப்படிப்பட்ட கையில் உன் துப்பாக்கியை வைத்துக்கொண்டு ரவை போடுவதற்காக மடங்குகிற குழலை மடக்கிப் பார்த்தேன். ஒரு விரலால் தள்ளியதற்கே மேலும் கீழும் போனது. அடப் பாவமே, மாப்பிள்ளை போனபிறகு போல்ட் தளர்ந்துவிட்டதே என்று நினைத்தேன். அது தளர்வு இல்லை, நீ அளந்து வைத்த அளவு என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

ஸ்பேனரை எடுத்தேன். அது போதாதென்று அதன் வாலில் ஒரு பைப்பைச் சொருகினேன். குழல் மடங்குகிற இடத்துப் போல்ட்டை ஒரு திருப்பு திருப்பினேன். துறைமுகத்தில் நின்ற நிலக்கரிக் கப்பல் அரை அடி கரைப்பக்கம் நகர்ந்தது. இரண்டாம் திருப்புக்குக் கலங்கரை விளக்கம் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது. அதோடு விட்டேனா? துப்பாக்கி மரக்கட்டையின் முன்பக்கத்துத் திருகாணிகளையும் பிடித்துக்கொண்டேன். கடல் அடியில் கிடந்த சிப்பியெல்லாம் பயந்து மூடிய வாயை இன்னும் திறக்கவில்லை. அப்போது மரத்துக்குள் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பல்லி என்று நினைத்துக்கொண்டேன். நினைக்க விரும்பினேன் என்பதுதான் சரி.

உன் கடைக்கு ஒரு சட்டம் உண்டே. கூட்டத்துக்கு முன்னால் கடைக்காரன் முதலில் மூன்று ரவை சுட வேண்டும். ஒரு பலூனாவது உடையாவிட்டால் அன்றைக்குக் கடை கிடையாது. தன் கைக்கே பொய் சொல்லும் துப்பாக்கியை அடுத்தவன் கையில் கொடுக்கக்கூடாது என்பாய். பக்கத்துக் கடை அண்ணாச்சி அதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரிப்பார். அவருடைய துப்பாக்கிகளில் போல்ட்டும் திருகாணியும் தளர்ந்தே கிடக்கும். சுடுகிறவன் நேராகப் பார்ப்பான், ரவை கோணலாகப் போகும். அது அவர் தொழில்.

கொடியேறிய அன்று சாயங்காலம் ரோசி உன் சட்டப்படி துப்பாக்கியை எடுத்தாள். குழலை மடக்க அவள் பட்ட பாட்டைப் பார்த்ததுமே இது என் இறுக்கம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மடக்கிய குழல் திரும்பப் போய் முழுதாகப் பொருந்தவும் இல்லை. முதல் ரவை பலகையின் கீழ்க் கட்டையில் பட்டது. இரண்டாவது ஆறுமுகநேரிக்குப் போய் உப்புக் குவியலில் ஓட்டை போட்டது. மூன்றாவது எங்கே போனது என்று இன்றுவரை தகவல் இல்லை; உன் பக்கம் வந்திருந்தால் சொல்.

கூட்டம் பேசாமல் கலைந்தது. கேலி பண்ணியிருந்தால்கூடத் தேவலை. ரோசி துப்பாக்கியைச் சாய்த்து வைத்துவிட்டுத் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கை நடுங்குதுண்ணே. எனக்கு வராது."

அண்ணாச்சி வந்தார். குரலில் நல்ல தேன். "குறி அவன் கூடயே போயிட்டு, தாயி. அத எங்கிட்ட குடுத்துரு, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அவள் தலையை ஆட்டினாள். மறுநாள் சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு முடிந்தது. உன் துப்பாக்கி அவர் கடைக்குப் போய், போல்ட் தளர்ந்து, ஊர்ப் பிள்ளைகளை ஏமாற்றப் போகிறது. அதைவிடப் பெரிது, என் தங்கச்சி இனி ஆயுசு முழுவதும் தன் கையைத்தான் குறை சொல்லப் போகிறாள்.

மறுநாள் காலையில் போய்ச் சொன்னேன். "ஏளா, உன் கையில ஒண்ணுமில்ல. நான்தான் இறுக்கிக் கெடுத்துட்டேன்" என்றேன். ஒரு கப்பலும் நகராமல், ஒரு சிப்பியும் வாய் மூடாமல், என் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு சங்கதியை உள்ளபடி சொன்னேன்.

அவள் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "போண்ணே. எனக்காவக் கத வுடாத."

எப்படி இருக்கிறது பார், மாப்பிள்ளை! இத்தனை வருசம் நான் அளந்த கதைகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றன. மாதாமேல் சத்தியம் செய்தேன். போன தடவை சுறாவைக் குடையால் அடித்த கதைக்கும் இதே சத்தியம்தானே செய்தாய் என்றாள்.

வேறு வழியில்லாமல் துப்பாக்கியை எடுத்துவந்து, முக்கிப் பிடித்துக் குழலை மடக்கி, அவள் முன்னால் நீட்டினேன். கொடிமரம் மாதிரி நின்றது. அவள் ஒரு விரலை வைத்தாள். அசையவில்லை. உள்ளங்கையால் தள்ளினாள். அப்போதும் அசையவில்லை. பிறகு அவள் பெருவிரல் மரக்கட்டையின் அடிப்பக்கமாகப் போய், முன் திருகாணிக்குப் பக்கத்தில் நின்றது. விரிசல். அதை மேலும் கீழும் தடவிப் பார்த்தாள்.

"பைப்பு போட்டா இறுக்குன?"

தலையை ஆட்டினேன்.

"மூணு விரல் போதும்னு அவரு தலபாடா அடிச்சுக்கிட்டாரே. நீ அப்ப எங்கன இருந்த?"

அங்கேதான் இருந்தேன். சுறாக் கதை சொல்லிக்கொண்டு இருந்தேன்.

அதன் பிறகு வேலை முழுவதும் அவளுடையது. விரிசலில் பிசின் விட்டு, கயிறு சுற்றி, வெயிலில் வைத்தாள். மாலையில் வந்த அண்ணாச்சியிடம், துப்பாக்கி காய்கிறது, குடுக்கிறதாக இல்லை என்றாள். மறுநாள் திருகாணித் தலைக்கு அடியில் வாஷர் போட்டு, திருப்புளியைப் பெருவிரலும் இரண்டு விரலுமாகப் பிடித்து, திருகாணி 'போதும்' என்று சொல்கிற இடத்தில் நிறுத்தினாள். போல்ட்டைத் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, குழலைப் பாதியில் விட்டுப் பார்த்தாள். தானாகத் தொங்கியது. இன்னும் ஒரு துளி. இப்போது விட்ட இடத்தில் நின்றது. ஒரு விரல் வைத்தால் போனது. அவள் செய்ததைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை வருசமும் கடையில் உன் பக்கத்தில் அவள் பலூன் மட்டும் ஊதிக்கொண்டிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் மூன்று ரவை. முதலாவது தவறியது. அடுத்த இரண்டும் பலூனை உடைத்தன. திரும்பி என்னைப் பார்த்து, "மொதல்ல தப்பிப்போனது என் கையால. அந்தப் பழியையும் நீ எடுத்துக்கிடாத" என்றாள். கடை திறந்தது.

மாப்பிள்ளை, கேட்டுக்கொள். இனி உன் துப்பாக்கிமேல் என் கை படுவதானால் மூன்று விரல்தான் படும். அதுவும் ரோசி பார்த்துக்கொண்டு நிற்கும்போது. பைப்பைத் துறைமுகத்திலேயே போட்டுவிட்டேன். ரோசி தன் கையைக் குறை சொல்லுகிற நாள் இனி வந்தால், கெடுத்தது யார் கை என்று முதலில் நான் சொல்லுவேன், அவள் நம்பினாலும் நம்பாவிட்டாலும்.

கப்பல் நகரவில்லை. கலங்கரை விளக்கம் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மொத்தத்தையும் நீ கழித்துக்கொள், எனக்கு வருத்தமில்லை. ஒரு சின்ன இடத்தை மட்டும் கழிக்காதே. அந்த முதல்நாள் சாயங்காலம், கை நடுங்குதுண்ணே என்று அவள் சொன்னபோது நான் பக்கத்திலேதான் நின்றேன். ஸ்பேனர் என் பின்பாக்கெட்டில் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அது நிஜம்.

இப்படிக்கு,
உன் பெண்டாட்டிக்கு அண்ணன், உன் பிள்ளைகளுக்குத் தாய்மாமன்,
உன் மச்சான் மிக்கேல்