டோரீனின் காலண்டரை யார் யார் பார்க்கலாம்

நீலசந்திரா,
8 செப்டம்பர் 2024

ஐரினுக்கு,

போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுவேன். அதனால்தான் மெயில். இன்று மாதா திருவிழாவுக்குத் தனியாகவே போய் வந்தேன். சிவாஜிநகர் கூட்டத்தில் காவிப் புடவைக்காரர்களுக்கு நடுவே நின்று ஜெபம் செய்யப் பார்த்தேன். உன் மேல் இருந்த கோபம்தான் வந்தது.

என் மார்பில் கட்டி இருப்பதை உன் ஒருத்தியிடம்தான் சொன்னேன். அம்மாவுக்கே தெரியாது. நீ ஜூலையில் ஹெப்பகோடி ஆபீசுக்கு மாறிப் போனாலும் நம் பழைய டீமோடு இன்னும் பேசுகிறாய் என்று எனக்குத் தெரியும். இப்போது டீம் முழுக்க என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி நடத்துகிறது. பச்சைமுத்து என் லேப்டாப் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடக்கிறார். வித்யாலட்சுமி தினமும் மாதுளம்பழம் உரித்துக் கொண்டுவருகிறாள். மேனேஜர் கிஷோர் ஒரு படி மேலே போய், நான் ஐந்து மாதம் உழைத்த சென்னை கிளையன்ட் மீட்டிங்கை என்னைக் கேட்காமலே காலண்டரிலிருந்து எடுத்துவிட்டார். அடுத்த டீம் லீட் நான்தான் என்று நம்பியிருந்தேன், இனி ஒரு நோயாளியை யார் ஆக்குவார்கள்?

வியாழக்கிழமை பயாப்ஸி ரிசல்ட். கூட வருவதாகச் சொல்லியிருந்தாய். வர வேண்டாம். உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

டோரீன்

---

ஹெப்பகோடி,
9 செப்டம்பர் 2024

அன்புள்ள டோரீன்,

நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதினோரு வருஷப் பழக்கத்துக்கு அப்புறம் இதை நான் எழுதித் தர வேண்டியிருக்கிறதே, அதுதான் வலிக்கிறது.

ஜூனில் மீட்டிங் ரூமில் நின்று எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தது யார்? "ஒருத்தர் காலண்டரை ஒருத்தர் பாக்கணும், அப்பதான் மீட்டிங் மோதாது" என்று சொல்லி, ஒவ்வொருவர் சீட்டுக்கும் வந்து ஷேர் செய்ய வைத்தாய். எங்களுடையதை எல்லாம் பிஸியா இல்லையா என்பது மட்டும் தெரிகிற மாதிரி வைத்தாய். உன்னுடையதை எப்படி வைத்திருக்கிறாய் என்று தயவுசெய்து ஒரு தடவை திறந்து பார். டீம் மாறி வந்த பிறகும் எனக்கு அது எழுத்துக்கு எழுத்துத் தெரிகிறது. வேண்டுமென்றேதான் திறந்து வைத்திருக்கிறாய், தைரியக்காரி என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். நான் ஒரு லூசு.

வியாழக்கிழமை சாப்பிடாமல் போகாதே. வெறும் வயிற்றில் உனக்குத் தலை சுற்றும்.

ஐரின்

---

நீலசந்திரா,
12 செப்டம்பர் 2024, மாலை

அன்புள்ள ஐரின்,

முதலில் செய்தி. கேன்சர் இல்லை. சாதாரணக் கட்டிதானாம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் பார்த்தால் போதுமாம். டாக்டரை மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொன்னேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நன்றாகத் திட்டித் தீர்த்துவிட்டு இப்போது கேசரி கிண்டிக்கொண்டிருக்கிறாள்.

இனி என் மானக்கேடு. எப்படி ஷேர் செய்வது என்று காட்டுவதற்காக முதலில் என் காலண்டரைத்தான் 'முழு விவரம்' என்று வைத்தேன். திருப்பி மாற்ற மறந்துவிட்டேன். எதையும் காலண்டரில் எழுதாமல் இருக்க முடியாத ஜென்மம் நான். 'மேமோகிராம், 9.15.' 'கிஷோரிடம் எரிந்து விழக் கூடாது.' புதன்தோறும் நாலு மணிக்கு: 'மூன்றாம் மாடிப் படிக்கட்டு, அழுகை, பதினைந்து நிமிடம்.' ஆறு வாரமாக இதையெல்லாம் மொத்த டீமும் படித்திருக்கிறது. அந்த நேரத்தில் அந்தப் படிக்கட்டுப் பக்கம் ஒருத்தரும் வராதது என் அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை கிஷோரிடம் நேராகவே கேட்டேன். "நீங்களா சொல்ற வரைக்கும் கேக்கக் கூடாதுன்னு எல்லாரும் பேசி வச்சிருந்தோம் டோரீன். அந்த மீட்டிங் உங்க ரிசல்ட் அன்னிக்கு சாயங்காலம் வந்துச்சு, அதான் எடுத்தேன். அடுத்த மாசம் வச்சிக்கலாம், நீங்கதான் பேசணும்" என்றார்.

அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும். என்ன முகத்தோடு எழுதுவது என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேன், ஐரின். அது தப்பு. இன்று ஆஸ்பத்திரியில் பெயர் கூப்பிடும் வரைக்கும் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதற்கு நானே காரணம் என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது எல்லாருக்கும் 'பிஸி' என்று மட்டும் தெரிகிற மாதிரி மாற்றிவிட்டேன். உன்னுடையதை மாற்றவில்லை. உனக்கு இன்னும் முழு விவரமும் தெரியும்.

மன்னித்துவிடு.

உன் டோரீன்

---

ஹெப்பகோடி,
13 செப்டம்பர் 2024

என் டோரீனுக்கு,

கோபம் இன்னும் முழுசாகத் தீரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே இங்கே வா, மிச்சத்தைச் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா.

உன் செய்தி மெயிலில் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். நேற்று அரை நாள் லீவு போட்டேன். எத்தனை மணிக்கு, எந்த மாடி என்றெல்லாம்தான் நீயே எழுதி வைத்திருந்தாயே. முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று சொன்னதால் மேலே வரவில்லை. கீழே மருந்துக் கவுண்டருக்கு எதிரே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரைப் பார்க்க வேண்டும் என்று செக்யூரிட்டி இரண்டு தடவை கன்னடத்தில் வந்து கேட்டுவிட்டார். மேலே ஃப்ரெண்டு இருக்கிறாள், கீழே வருவாள் என்றேன்.

வந்தாய். என்னைத் தாண்டித்தான் போனாய், கவனிக்கவில்லை. வாசலில் இளநீர் வாங்கிக் குடித்துவிட்டு, நின்ற இடத்திலேயே இன்னொன்று வெட்டச் சொன்னாய். மனசு சரியில்லை என்றால் உனக்கு ஒரு வாய் தண்ணீர்கூட இறங்காது; அந்த இரண்டாவது இளநீரைப் பார்த்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. கூப்பிட எழுந்தேன், முடியவில்லை. அப்படியே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, பஸ் பிடித்து ஆபீசுக்குப் போனேன்.

உன் ஐரின்