பெயர் தெரியவில்லை

11-7-1958, வெள்ளி.

கோபம் இன்னும் அடங்கவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை இன்று வெள்ளைக்கார துரையின் பங்களாவில் இருக்கும் காட்சிச்சாலைக்கு அழைத்துப் போனேன். முதுமக்கள் தாழி, கல்லாயுதங்கள், ஆப்பிரிக்க முகமூடிகள் எல்லாம் பார்த்தோம். முகமூடிகளுக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ. விறகுக்கட்டோடு நிற்பது என் அம்மா. கீழே அட்டையில் இங்கிலீஷில், ‘மலைச்சாதிப் பெண். பெயர் தெரியவில்லை’ என்று எழுதி, படம் எடுத்தவர் என்று துரை தன் பெயரைப் போட்டிருந்தார்.

அம்மா அந்தப் பங்களாவில் ஒன்பது வருஷம் சமைத்தவள். தினமும் பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தானே காபி கேட்டிருப்பார்?

அவரிடமே போய்ச் சொன்னேன். நன்றாகத் தமிழ் பேசுகிறவர். “அது ஆராய்ச்சிக்கு எடுத்த படம், டீச்சர். அதற்குப் பேர் அவசியமில்லை” என்றார்.

“எடுத்தவர் பேர் மட்டும் எதுக்குங்க?” என்று கேட்டேன்.

பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, என் பேனாவால் அந்த வரியை அடித்துவிட்டு, ‘செல்லம்மாள், மன்னவனூர்’ என்று எழுதினேன். ஹெட்மாஸ்டருக்குக் கடிதம் போகும் என்றார். போகட்டும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கும் கோபம் வரும் என்று நினைத்தேன். அடுப்பை ஊதிக்கொண்டே, “துரை கோவிச்சுக்கிட்டாரா? உனக்கு எதுக்குடி இந்தச் சோலி?” என்றாள். கொஞ்சம் கழித்து, “போட்டோவுல நான் நல்லா இருக்கேனா?” என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் படத்தை அவளுக்கு அவர் ஒருநாளும் காட்டியதே இல்லை.