வலது ஷூவின் கோணல்

அன்பு மகள் எழில்மொழிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, அதனால் ஊரே சௌக்கியம் என்று வைத்துக்கொள். புனேயில் நீயும் உன் முழங்காலும் அதேபோல் நன்றாக இருக்க வேண்டும். தினம் போனில் பேசுகிறவருக்குக் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் உன்னிடம் ஒரு பொய் சொல்லிவிட்டேன் அம்மா, அதை ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. அதனால்தான் இதை மடித்து உன் வலது ஷூவுக்குள் வைக்கிறேன், படிக்காமல் காலை விட முடியாது பார்.

நீ போனில், இப்போது சைக்கிள் ஓட்டப் போடுகிற ஷூவின் அடி வெடித்துவிட்டது, புதிது பன்னிரண்டாயிரம், செலக்ஷன் ரேசுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது, பொங்கலுக்கு வந்தபோது வீட்டில் விட்ட பழைய ஜோடியைத் தைத்து அனுப்புங்கள் என்றாய். பணம் புரட்டுகிறேன் என்றதற்கு, நடவு நேரத்துல கடன் வாங்கி ஷூ வாங்குனா நான் போடவே மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாய். சரியென்று அம்மா பரணிலிருந்து எடுத்துத் தந்தாள். மூக்கில் தையல் விட்டிருந்தது, பட்டை ஒட்டவில்லை. அடியில் பெடலோடு பூட்டிக்கொள்ள மூன்று திருகாணியில் ஒரு துண்டு இருக்கிறதே, கிளீட் என்பாயே, அது இடதில் நேராகவும் வலதில் கோணலாகவும் இருந்தது. உன் அப்பனைத்தான் தெரியுமே, கயிறு பிடித்து நடுகிறவன், ஒரு குத்து நாற்று வரிசை தள்ளி நின்றாலும் திரும்பச் சேற்றில் இறங்கிப் பிடுங்கி நடுகிறவன். அந்த நடவுக் கயிற்றையே ஷூவின் நடுவில் இழுத்துப் பிடித்து, திருகாணியைத் தளர்த்தி, கிளீட்டை நேராக்கி முறுக்கிவிட்டேன். அவ காரணமாத்தான் வச்சிருப்பா, உங்க கை சும்மாவே இருக்காதா என்றாள் அம்மா. அன்று சாயங்காலமே நீ போன் செய்தாய். அப்பா, கிளீட்டை மட்டும் தொட்டுடாதீங்க, டாக்டர் அளந்து வச்ச கோணல் அது, ஒரு நூல் மாறினாலும் என் முட்டி தாங்காது, திரும்ப அளக்க நேரமும் இல்ல என்றாய். தொடலம்மா என்று சொல்லிவிட்டேன். அதன்பிறகு சோறு இறங்கவில்லை. எவ்வளவு கோணலாக இருந்தது என்று நான் பார்த்தா வைத்திருந்தேன்? உன் மூன்று வருஷ உழைப்பை ஒரு முழக் கயிற்றில் கெடுத்துவிட்டேனே என்று இருந்தது.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் கும்பகோணம் போய், பையும் ஷூவும் தைக்கிற அஹமது கபீரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திருகாணிகளைக் கழற்றிவிட்டு, பஞ்சால் அடியைத் துடைத்து, இங்க பாருங்கண்ணே என்றார். அடி முழுக்கத் தேய்ந்து வெளுத்துக் கிடக்க, நடுவில் மட்டும் கிளீட் மூடியிருந்த இடம் புதுக் கறுப்பாக, அதே கோணலோடு, ஓரம்கூடச் சிதறாமல் இருந்தது. உங்க பொண்ணே எழுதி வச்சிட்டுப் போயிருக்கு, நாம ஏன் பயப்படணும் என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கறுப்பின் மேல் மயிரிழை தப்பாமல் வைத்து முறுக்கி, சுற்றி வெள்ளையால் கோடும் போட்டுக்கொடுத்தார்.

பிறகு மூக்கைத் தைத்துப் பசை போட்டு, பட்டையையும் மாற்ற, உள்ளே இருந்த மெத்தையை உருவினார். ஐந்து விரலும் குழி குழியாகப் பதிந்திருந்தது. இந்தப் புள்ள எவ்வளவு தூரம்ணே ஓட்டும் என்று கேட்டார். வாரம் முந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாது என்று நீ எப்போதோ சொன்னதைச் சொன்னேன். அப்ப வாராவாரம் இங்கேருந்து மெட்ராஸ் என்றார் அவர். இத்தனை நாள் அது எனக்கு வெறும் எண்ணாகத்தான் இருந்தது அம்மா. தாராசுரம் கோயிலில் கல்லில் செய்த தேர்ச்சக்கரத்தைப் பார்க்கும்போதெல்லாம் வாய் பிளந்து நிற்பேனே, அன்று அந்த மெத்தையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படித்தான் நின்றேன். நாற்பது வருஷம் யூரியா மூட்டை வைத்துச் சைக்கிள் மிதித்தவன், சைக்கிளைப் பற்றி எனக்குத் தெரியாததா என்று நினைத்திருந்தேன். என் மகளின் கால் என்ன செய்கிறது என்று எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது இன்னொன்றும் நினைவு வந்தது. ஏழு வயதில் சீட்டு எட்டாமல், என் வண்டியின் பாருக்கு அடியில் வலது காலை நுழைத்துத்தான் நீ ஓட்டப் பழகினாய். அப்போதும் அந்தப் பாதம் இதே கோணலோடுதான் வெளியே திரும்பியிருக்கும். காலை நேரா வை, நேரா வை என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடி வருவேன். நீ ஒரு நாளும் கேட்கவில்லை. நல்லவேளை கேட்கவில்லை.

பசை இறுக வேண்டும், இரண்டு நாள் வெயிலில் வைக்காதே என்று கபீர் சொல்லச் சொன்னார். முதலில் மெதுவாக ஓட்டிப் பார், முட்டி துளி வலித்தாலும் நிறுத்திவிட்டு எனக்குச் சொல், கடனோ உடனோ புதிது வாங்கியே ஆக வேண்டும், அப்போது உன் பிடிவாதம் செல்லாது. பொய் சொன்னதற்கு அப்பாவை மன்னித்துவிடு. ஜெயித்தாலும் தோற்றாலும் உன் கால் இரண்டும் நூறு வருஷம் நோகாமல் இருக்கட்டும். வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொள், யார் நேராக்க வந்தாலும் விடாதே, நான் வந்தாலும்தான்.

இப்படிக்கு,
உன் அப்பா
இராஜாங்கம்