லெட் என்றால் விடு

ஆரியசாலை, திருவனந்தபுரம்
14 நவம்பர், வெள்ளிக்கிழமை

அன்பு மகள் நீதுவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அப்பாவின் முட்டுவலி மழையோடு வந்து மழையோடு போகிறது, அவ்வளவுதான். அங்கே கால்கரியில் நீ சுகமா என்று எப்போதும் கேட்பது ஒரு பழக்கம், இந்தத் தடவை பழக்கத்துக்காகக் கேட்கவில்லை மக்ளே, பதில் தெரியாமல்தான் கேட்கிறேன். போனில் எனக்கு இங்கிலீஷ் அடிக்கத்தான் வரும், தமிழ் அடிக்க வராது, அதனால் கையால் எழுதி ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்று தெரியும். மெதுவாகப் படி, நடுவில் மூடி வைத்துவிடாதே. இந்த விஷயத்தை இங்கிலீஷில் எழுதி ஒரு தடவை பட்டது போதும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன், சுற்றி வளைத்தால் எனக்குத் தைரியம் போய்விடும். அக்டோபர் எட்டாம் தேதி காலையில் நீ ஒரு வரி அனுப்பியிருந்தாய், தே ஹேவ் லெட் மீ கோ அம்மா, என்று. அதற்கு நான் போட்ட பதில் உனக்கு மறந்திருக்காது. வெரி ஹேப்பி, திஸ் ஒன்லி ஐ ப்ரேய்ட், காட் ஹேர்ட் மீ, வென். கூடவே கைகொட்டிச் சிரிக்கிற ஒரு பூ ஸ்டிக்கர் வேறு. அதற்கு நீ ஓகே அம்மா என்று மட்டும் எழுதினாய். வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்று நீ சொல்கிறாய், பெற்றவள் ரொம்ப சந்தோஷம், இதைத்தான் வேண்டிக்கொண்டேன், கடவுள் கேட்டுவிட்டார் என்று எழுதி, எப்போது என்றும் கேட்கிறாள். மக்ளே, நீ எழுதிய அந்த வரியின் அர்த்தம் எனக்கு முந்தாநாள்தான் தெரிந்தது. அதுவரைக்கும் கம்பெனியில் உனக்கு லீவு தந்து ஊருக்குப் போக விட்டுவிட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சத்தியமாக.

உனக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும், இரண்டு வருஷமாக இங்கிலீஷ் படிக்கிறவளுக்கு இதுகூடவா தெரியாது என்று. தெரிந்துதான் கெட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கும், முதலில் நீ அனுப்புவதையெல்லாம் மாடியில் குடியிருக்கிற தாசம்மாளிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்வேன், அவள் நல்லவள்தான், ஆனால் நீ உன் வயிற்றுவலியைப் பற்றி எழுதியதை வாசலில் நின்று மீன் வாங்கிக்கொண்டே உரக்கப் படித்தாள் பார், அன்றைக்குத்தான் என் பிள்ளை எனக்கு எழுதுவதை நானே படிப்பது என்று முடிவு செய்தேன். நாகர்கோவில் பக்கத்தில் தமிழில் பத்தாவது படித்துவிட்டு இங்கே கல்யாணமாகி வந்தவள், பஸ் போர்டைப் பார்த்துப் பார்த்து மலையாளம் கற்றுக்கொண்டேன், இது மட்டும் முடியாதா என்று ஒரு வீறாப்பு. வாயனசாலை லைப்ரரியன் சுவாமிதாஸ் சார், சின்னப் பிள்ளைகளுக்கான அலமாரியிலிருந்து புத்தகம் எடுத்துத் தந்தார். நீயும்தான் சொன்னாய், ஒவ்வொரு வார்த்தைக்கும் டிக்ஷனரியைப் புரட்டாதே அம்மா, முழு வரியையும் படி, பக்கத்தில் இருக்கிற வார்த்தைகள் தெரியாத வார்த்தையைக் காட்டிக்கொடுக்கும் என்று. அப்படித்தான் படித்தேன். நீ அனுப்பித் தந்த நீல நோட்டில் ஆயிரத்து நூறு வார்த்தைக்கு மேல் சேர்ந்திருக்கிறது. ரிலக்டன்ட் தெரியும், பெக்யூலியர் தெரியும், தூறலுக்கு டிரிஸில் என்று தெரியும். பெரிய வார்த்தை வந்தால் நின்று விசாரிப்பேன், சின்ன வார்த்தையை யார் விசாரிக்கிறார்கள், நம் வீட்டு ஆள் மாதிரி உள்ளே வரட்டும் என்று விட்டுவிடுகிறோம். லெட் என் நோட்டில் மூன்றாம் பக்கத்திலேயே இருக்கிறது, லெட் என்றால் விடு, சம்மதி. கோ என்பதை நான் எழுதவே இல்லை, அது தெரியாதவர்கள் யார். உன் வரியில் எனக்குத் தெரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லையே நீது.

அதோடு நம் பேச்சையும் யோசித்துப் பார். பள்ளிக்கூடம் விட்டாச்சு, ஆபீஸ் விட்டாச்சு என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம். நீ ஸ்கூலிலிருந்து வந்து பையைத் தூக்கி எறிந்துவிட்டு, ஸ்கூள் விட்டு அம்மே என்று மலையாளத்தில் கத்துவாய், அதைவிடச் சந்தோஷமான சத்தம் இந்த வீட்டில் கேட்டதில்லை. விட்டால் பிள்ளை வீட்டுக்கு வரும். எனக்கு விடு என்ற வார்த்தைக்கு அந்த ஒரு வழிதான் தெரிந்திருந்தது. உன் வரியைப் பார்த்ததும் அந்த வழியாகவே ஓடிவிட்டேன், அப்பாவிடம்கூடக் காட்டவில்லை. நானே படித்தேன், நானே பதில் போட்டேன் என்ற மிதப்பு. அவரிடம் லீவு கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன், அவரும் கடையில் கொப்பரை வாங்க வருகிறவர்களிடம் எல்லாம் மகள் வருகிறாள் என்று சொல்லி வைத்தார்.

இந்த ஐந்து வாரமும் நான் ஆடிய ஆட்டத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உன் அறைத் திரைச்சீலையைத் துவைத்தேன், இந்த ஐப்பசி மழையில் அது காய நாலு நாள் ஆனது. முந்திரிக்கொத்து செய்து டப்பாவில் போட்டு வைத்தேன். கோயிலில் உன் பேரும் திருவோணம் நட்சத்திரமும் சொல்லிப் புஷ்பாஞ்சலி கழித்தேன், என் பிள்ளைக்கு வேலை போனதற்கு நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். டிக்கெட் எப்போது எடுக்கிறாய் என்று உன்னை இரண்டு தடவை கேட்டேன். நாட் ஷ்யூர் என்றாய், வில் சீ என்றாய். வீடியோவில் வருவதை நிறுத்திவிட்டாய், கூப்பிட்டால் மீட்டிங் என்றாய். லீவுக்கு முன்னால் வேலை அதிகம்போல என்று நானே உனக்காகக் காரணம் சொல்லிக்கொண்டேன்.

முந்தாநாள் மத்தியானம் வாயனசாலையிலிருந்து எடுத்து வந்த ஒரு கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆற்றங்கரை ஊர், அங்கே ஒரு ரொட்டிக் கம்பெனி, முதலாளி ஒருநாள் பதினோரு பேரை லெட் கோ செய்துவிடுகிறார். அவர்களில் ஒருவன் நேராக வீட்டுக்குப் போகாமல் ஆற்றோரமாக நடந்துகொண்டே இருக்கிறான், மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று. லீவு கிடைத்தவன் எதற்கு இப்படிப் பேயறைந்த மாதிரி நடக்கிறான் என்று எனக்கு விளங்கவில்லை. நீ சொன்ன மாதிரியே அக்கம்பக்கத்து வரியைப் படித்தேன். அடுத்த பக்கத்தில் அவன் மனைவி அழுகிறாள், ஒருநாளைக்கு ஒரு ரொட்டி போதும் என்கிறாள். அப்போதே புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தேன். டிக்ஷனரியில் லெட் என்பதற்கு ஒரு பத்தி முழுக்க அர்த்தம் போட்டு, எல்லாம் முடிந்து அடியில் பொடி எழுத்தில் லெட் கோ, வேலையிலிருந்து நீக்கு, என்று இருந்தது. இரண்டு வருஷமாக அந்தப் பக்கத்தை எத்தனை தடவை புரட்டியிருப்பேன், அடி வரைக்கும் போனதில்லை. போனை எடுத்து உன் வரியைப் படித்தேன். அதன்கீழே நான் எழுதியதைப் படித்தேன். பிறகு அந்தப் பூ சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.

ஓணத்தன்று போனில் நான் சொன்னது உனக்கு எப்படி மறக்கும். அந்த வேலை போய்த் தொலைந்தால்தான் உனக்கு வீடு நினைவு வரும் என்றேன். கோபத்தில் வந்த வார்த்தை, கல்யாணப் பேச்சை நீ தட்டிக்கழித்த எரிச்சலில் வந்தது, அப்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனால் உன்னிடம் திரும்பக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. அதற்கு ஒரு மாதம் கழித்து நீ வேலை போய்விட்டது என்று எழுதுகிறாய், இதைத்தான் வேண்டினேன் என்று நான் எழுதுகிறேன். இவள் பிரார்த்தனை பண்ணியே என் சோற்றில் மண்ணைப் போட்டாள் என்று நீ நினைத்திருந்தால் அதில் ஒரு தப்பும் இல்லை. உன் இடத்தில் நான் இருந்தால் அந்த ஓகே அம்மாகூட எழுதியிருக்க மாட்டேன். நீ எழுதினாய். அந்த இரண்டு வார்த்தையை என்ன மனசோடு அடித்தாய் என்று நினைத்து நினைத்துத்தான் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் அப்பா வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிப் போனைக் கையில் கொடுத்தேன். இரண்டையும் படித்தார். ஸ்பெல்லிங்ல ஒரு தப்பும் இல்ல பகவதி, என்று சொல்லிவிட்டுத் தோசை வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை. கொஞ்சம் பொறுத்து வந்து, பிள்ளைட்ட நீ சொன்னதை நீதான் மாத்தணும், ஆனா இங்கிலீஷ் வேண்டாம் கேட்டியா என்றார். அன்று ராத்திரியே, அங்கே உனக்குக் காலை ஆபீஸ் நேரம் ஆனதும், உன்னை மூன்று தடவை கூப்பிட்டேன். இரண்டு தடவை எடுக்கவில்லை, மூன்றாவது தடவைக்கு இன் எ மீட்டிங் என்று பதில் வந்தது. ஐந்து வாரமாக இந்த மீட்டிங்கைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். இல்லாத ஆபீஸில் ஒரு மீட்டிங்கை உண்டாக்கி என்னிடமிருந்து ஒளிய வேண்டிய நிலைக்கு உன்னைக் கொண்டுவந்தது நான்தானே. ஒருவேளை வேறு வேலைக்கான இன்டர்வியூவாகவே இருந்தால், நல்லபடியாக நடந்திருக்கட்டும்.

இப்போது எனக்குத் தெரியாததெல்லாம் ஒவ்வொன்றாக வந்து முன்னால் நிற்கிறது. எதற்காக அனுப்பினார்கள், உன் மேல் ஏதாவது குற்றம் சொன்னார்களா, இல்லை பத்துப் பேரில் ஒருத்தியாகவா. அங்கே தங்கி வேலை பார்க்கிற பெர்மிட்டில் எத்தனை நாள் பாக்கி. கால்கரியில் பனி விழ ஆரம்பித்துவிட்டதாமே, அறையில் ஹீட்டர் போடுகிறாயா, மிச்சம் பிடிக்கிறேன் என்று நடுங்கிக்கொண்டு கிடக்கிறாயா. சமைக்கிறாயா. கூட இருக்கிற பெண்ணுக்காவது விஷயம் தெரியுமா, ஒரு ஆளிடமாவது சொல்லி அழுதாயா. இதற்கெல்லாம் பதில் எழுது என்று கேட்க எனக்கு இப்போது முகமில்லை, ஆனாலும் கேட்கிறேன். வேலை இல்லை என்று பகலெல்லாம் படுத்துக்கிடக்காதே, நேரத்துக்கு எழுந்து குளி, ஒருவேளையாவது சுடுசோறு சாப்பிடு. வேலை போவது மானக்கேடு இல்லை, அப்பாவுக்கும் ஒருமுறை முதலாளி கடையை மூடியதால் எட்டு மாதம் வேலை இருக்கவில்லை, உனக்கு அப்போது இரண்டு வயது, நாம் பட்டினி கிடக்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன், இனிமேல் உன்னிடம் அரைகுறையாக எதுவும் வேண்டாம். அர்த்தம் தெரிந்த அந்த நிமிஷம் எனக்கு அழுகை வருவதற்கு முன்னால், அப்படியானால் வந்துவிடுவாளோ என்று மனசின் ஒரு மூலை சந்தோஷப்பட்டது. ஒரு நொடிதான். அந்த மூலையை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. அதனால் வா என்று உன்னைக் கூப்பிடப் பயமாக இருக்கிறது, அதைச் சொன்னாலும் ஜெயித்துவிட்ட குரலாக உனக்குக் கேட்குமோ என்று. அங்கேயே இருந்து வேறு வேலை தேடுவதென்றால் தேடு, எவ்வளவு நாள் ஆனாலும் ஆகட்டும், நான் வாயைத் திறக்க மாட்டேன். நீ வருவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன், கேட்டால் தப்பாகப் படித்துவிட்டேன் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். தாசம்மாளிடம் நேற்றே சொல்லிவிட்டேன், சிரிப்பாள் என்று நினைத்தேன், பாவம், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே போனாள்.

நேற்று நீல நோட்டை எடுத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்தேன். பழைய அர்த்தத்தை அடித்துவிட்டுப் புதிதாக எழுதத்தான் திறந்தது. அடிக்க மனசு வரவில்லை. லெட் கோ, வேலையிலிருந்து நீக்கு, என்று கீழே எழுதினேன். அக்டோபரில் உன் வரி வந்த சந்தோஷத்தில் நான் மேலே எழுதியிருந்ததை அப்படியே வைத்துவிட்டேன், லெட் மீ கோ, விட்டாச்சு, வீட்டுக்கு வரலாம். டிக்ஷனரியில் அப்படி இல்லை, இந்த வீட்டில் உண்டு. அவர்கள் விட்டாலும் விடாவிட்டாலும் உனக்கு அது உண்டு. வருவதும் வராததும் உன் இஷ்டம்.

நீ எங்கே இருந்தாலும் பகவதி உன்னைக் கைவிடாமல் பார்த்துக்கொள்வாள், கோயிலில் இருக்கிறவளைச் சொல்கிறேன், வீட்டில் இருக்கிறவளும்தான். நல்ல புத்தியும் திடமும் உடம்புக்குச் சுகமும் உனக்குக் குறையாமல் இருக்கட்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் இதோடு. இதில் எந்த வார்த்தையாவது உனக்குச் சந்தேகமாக இருந்தால், சின்ன வார்த்தையாக இருந்தாலும், நீயாக ஒரு அர்த்தம் வைத்துக்கொள்ளாமல் என்னைக் கேள். நாளை உனக்குக் காலை எட்டு மணிக்குக் கூப்பிடுவேன். பேச வேண்டாம், எடுத்தால் போதும், நீ மூச்சு விடுவது கேட்டால் போதும். மீட்டிங் என்று மட்டும் எழுதாதே மக்ளே, நாளை சனிக்கிழமை.

உன் அம்மா,
பகவதி