பசவராஜ் வேஷம்

குண்டலுபேட்டை
14.8.2024

அன்புள்ள சௌம்யாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். உன் நலம் கேட்கக்கூடக் கூச்சமாக இருக்கிறது; கேட்டேன் என்று வைத்துக்கொள். போனில் பேசினால் சண்டைதான் வருகிறது, எதுவானாலும் எழுதுங்கள் என்று சொன்னாயே, அதனால் எழுதுகிறேன்.

போன புதன்கிழமை தக்காளி மண்டியைத் தம்பியிடம் விட்டுவிட்டு மைசூருக்கு வந்தேன். மறுபடியும் அங்கேயே நமக்கு ஒரு வீடு பார்க்கலாமா என்று உன்னிடம் நேரில் கேட்கத்தான். உன் யுனிவர்சிட்டி ஆபீஸில், மேடம் சமூகப்பணித் துறைக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அங்கே போனேன். வகுப்புக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பையன், எதிர் நாற்காலியில் இருந்த பெண்ணிடம், "உனக்குச் சிரமம் வேண்டாமுன்னுதான் நானே சாமானெல்லாம் லாரியில ஏத்திப்போட்டேன்" என்றான். கன்னடத்தில்தான் சொன்னான். வார்த்தை என்னுடையது. வகுப்பே சிரித்தது. ஓரமாக நின்ற நீயும் சிரித்தாய்.

நீ வேலைக்குப் போயிருந்த நேரத்தில் வீட்டைக் காலி செய்து, உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஊருக்கு மூட்டை கட்டினது தப்புத்தான். மூன்று வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதற்காகக் கட்டின புருஷனைப் பாடமாகவா வைப்பாய்? உன்னிடம் பேசாமலே அடுத்த பஸ் பிடித்துத் திரும்பிவிட்டேன்.

காளிதாஸ்

அக்ரஹாரம், மைசூர்
22.8.2024

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அவ்வளவு தூரம் வந்தவர் ஒரு வாய் காபி குடிக்காமல் போனது எனக்கு வருத்தம். நான் சிரித்தது உண்மை. பரத் என்கிற அந்தப் பையன் உங்களைப் போலவே மூக்கைத் தேய்த்துக்கொண்டு பேசினான். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

என் வேலை உங்களுக்குத் தெரியும். புத்தகத்தைப் படித்துக்காட்டியே காலத்தை ஓட்டின பேராசிரியர்களிடம் போய், பிள்ளைகள் தாங்களே செய்து கற்றுக்கொள்ள ஏதாவது வழி பண்ணுங்கள் என்று கெஞ்சுவது. பாதிப் பேர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நஞ்சுண்டசாமி சார் ஒருவர்தான் தாமாக வந்து கேட்டார். குடும்ப ஆலோசனைப் பாடத்தைப் பிள்ளைகள் உருப்போட்டு எழுதுகிறார்கள், நிஜமாகவே ஒரு புருஷன் பெண்டாட்டி எதிரே வந்து உட்கார்ந்தால் வாய் திறக்க மாட்டார்கள், நடித்துப் பழக ஒரு கதை எழுதிக்கொடுங்கள் என்றார். சிலது எழுதினேன். எல்லாம் பத்து நிமிஷத்தில் சமாதானம் ஆகிவிட்டன. பிறகுதான் நம்முடையதை எழுதினேன். பசவராஜ், மல்லம்மா என்று பெயரை மட்டும் மாற்றினேன். யாருடைய கதை என்று சாருக்கும் தெரியாது.

உங்களைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வலிக்கட்டும் என்றே செய்தேனோ என்னவோ, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சௌம்யா

குண்டலுபேட்டை
5.9.2024

அன்புள்ள சௌம்யாவுக்கு,

கோபம் இறங்கிவிட்டது. ஆனாலும் பசவராஜ் என்று பேர் வைத்தாயே. எங்கள் மண்டியில் அந்தப் பேரில் நாலு பேர் இருக்கிறார்கள், நாலு பேரும் பெண்டாட்டிக்குப் பயந்தவர்கள்.

ஒன்று மட்டும் நேராகச் சொல். இத்தனை பிள்ளைகள் நடித்திருக்கிறார்களே, யாராவது அந்த மல்லம்மாவைச் சமாதானம் செய்தார்களா? எந்தப் பேச்சுக்கு அவள் இறங்கி வந்தாள்? அதைச் சொன்னால் மனப்பாடம் செய்துகொண்டு வந்து உன்னிடம் சொல்கிறேன். எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. நீ இல்லாமல் இந்த வீட்டுக்குள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

காளிதாஸ்

அக்ரஹாரம், மைசூர்
16.9.2024

அன்புள்ள மாமாவுக்கு,

யாரும் செய்யவில்லை. ஒரு குழு பசவராஜைக் காலில் விழ வைத்தது. இன்னொரு குழு மல்லம்மாவுக்குப் புருஷன் ஊரிலேயே வேலை வாங்கிக் கொடுத்தது. ஒரு பெண் மாமியாரைக் கூப்பிட்டு வைத்துப் பேசினாள். மல்லம்மாவாக நடிக்கிற மேகனா ஒவ்வொரு தடவையும் நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டு, இன்னும் மனசு வரவில்லை என்றுதான் முடிக்கிறாள். நான் எழுதிக்கொடுத்ததில் முடிவு கிடையாது. எனக்கே தெரியாததை எப்படி எழுதுவது?

வகுப்புப் பசங்களே நடித்தால் விளையாட்டாகப் போகிறது, பசவராஜாக வெளியிலிருந்து யாராவது வந்தால் நன்றாக இருக்கும் என்கிறார் சார். நீங்கள் வருவீர்களா? நீங்கள் யார் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். இந்த மாதக் கடைசிப் புதன்கிழமை. நான் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். எனக்கும் ஒரு நப்பாசை இருக்கிறது, மறைப்பானேன்.

சௌம்யா

குண்டலுபேட்டை
28.9.2024

அன்புள்ள சௌம்யாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன்.

ஆலோசகராக உட்கார்ந்த அந்த உமேஷ் தங்கமான பையன். தண்ணீர் கொடுத்து, அவசரப்படுத்தாமல் கேட்டான். நான் நடிக்கவில்லை. மைசூருக்கே வந்துவிடுகிறேன், மண்டியைத் தம்பி பார்த்துக்கொள்வான், அம்மாவும் அவனோடு இருக்கச் சம்மதித்துவிட்டாள், நீ சொல்கிற தெருவில் நீ சொல்கிற வீடு என்று எல்லாவற்றையும் சொன்னேன். மேகனாவைப் பார்த்துக்கொண்டு உனக்குத்தான் சொன்னேன். அழுகை வந்துவிட்டது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

அப்போது உமேஷ் அவளிடம், "அம்மா, அவர் எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டார். அவர் திரும்பி வரணும்னு உங்களுக்கு ஆசை இருக்கா?" என்று கேட்டான். பாவம் அந்தப் பெண், நீ எழுதிக்கொடுத்ததில் அதற்குப் பதில் இல்லாமல் பின்வரிசையில் இருந்த உன்னைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இல்லை என்கிற மாதிரி நீ தலையை அசைத்தாய். அவள் என் பக்கம் திரும்பி, "இல்லை" என்றாள்.

அவளைப் பதில் சொல்ல வேண்டாம் என்று தடுத்தாயா, அல்லது அதுதான் உன் பதிலா? தடுத்தாய் என்றுதான் பஸ்ஸில் வழிநெடுக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். ஆமாம், அப்படித்தான் என்று ஒரு வரி எழுதிப் போடு.

காளிதாஸ்

அக்ரஹாரம், மைசூர்
9.10.2024

மாமா,

எழுதி எழுதிக் கிழித்தேன். அதுதான் என் பதில்.

மேகனா திரும்பிப் பார்க்கும் வரை எனக்கும் தெரியாது. நீங்கள் எதைச் சொல்ல வேண்டும் என்று மூன்று வருஷமாக ஏங்கினேனோ, அதை ஒன்று விடாமல் சொன்னீர்கள். கேட்கக் கேட்கச் சந்தோஷம் வரும் என்று பார்த்தேன். பாவமாக இருந்தது, அவ்வளவுதான். யார் அழுதாலும் எனக்கு அப்படித்தான் இருக்கும். பழைய கோபமாவது இருக்கிறதா என்று தேடினேன், அதுவும் இல்லை. இதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. பிள்ளைகளாவது ஒரு வழி கண்டுபிடிப்பார்கள் என்று நம் கதையை அவர்களிடம் கொடுத்தேன். அவர்கள் நடிக்க நடிக்க, நான் பார்க்கப் பார்க்க, அது மல்லம்மாவின் கதையாகவே போய்விட்டது.

சார் ரொம்ப சந்தோஷமாக இருக்கிறார். மற்ற துறைக்காரர்களும் எங்களுக்கும் இப்படி ஒன்று செய்துகொடுங்கள் என்று இப்போது என்னைத் தேடி வருகிறார்கள். அடுத்த வருஷமும் இதையே வைத்துக்கொள்ளலாம் என்றார் சார். என்னால் இன்னொரு தடவை உட்கார்ந்து பார்க்க முடியாது. வேறு எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இனி எழுத வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அன்றைக்கு நீங்கள் கிளம்பின பிறகு பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டு, அவர் நிஜமாகவே அழுதாரா மேடம் என்று கேட்டார்கள். இல்லை, நன்றாக நடிப்பார் என்று சொன்னேன்.

சௌம்யா